நாவடக்கிய ஊரின் ஓட்டு

திருவனந்தபுரம் மியூசியம் வளாகத்தை விடியற்காலையில் சுற்றி வருகிறவர்களில் எங்கள் கூட்டம் ஆறு பேர். ஐந்து பேர் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். நான் மட்டும் சாலைக் கடைத்தெருவில் வளர்ந்த கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. ஜூன் பிறந்து, மழை சற்று விட்ட ஒரு நாளில் யாராவது இந்திரா காந்தி கொண்டுவந்த எமர்ஜென்சியைப் பற்றி, அந்த நெருக்கடி நிலையைப் பற்றிப் பேச்சை எடுப்பார்கள். 2025இல் அதற்கு ஐம்பது ஆண்டு நிறைந்ததால் ஒரு வாரம் முழுக்க அதே பேச்சு. எங்களில் மூத்தவர் தலைமைச் செயலகத்தில் வேலை பார்த்தவர். நடையை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "இந்த ஊரில் ஆபீஸ் பத்து மணிக்குத் திறந்தது அந்த இருபத்தொரு மாதம்தான் சார். வண்டி நேரத்துக்கு வந்தது. ஸ்டிரைக் இல்லை, கூச்சல் இல்லை. பிடிக்காமலா ஜனங்க 111 கொடுத்தாங்க?"

மற்ற நால்வரும் தலையாட்டினார்கள். நான் அன்று பதில் சொல்லவில்லை. நடந்துகொண்டே சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை அது. ஆனால் தலையாட்டாமல் இருந்தது போதுமா என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

அவர் சொன்னது அவருடைய சொந்தக் கருத்து என்றால் விட்டிருப்பேன். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் படித்தவர்கள் நடுவே வேரூன்றிய கருத்து அது. அதன் கெட்டியான வடிவத்தையே எடுத்துக்கொள்வோம். 1977 மார்ச்சில் உத்தரப் பிரதேசத்தின் 85 தொகுதிகளிலும் பீகாரின் 54 தொகுதிகளிலும் காங்கிரசுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இந்திரா காந்தி தன் ரேபரேலியிலேயே தோற்றார். அதே தேர்தலில் கேரளத்தின் 20 மக்களவைத் தொகுதிகளையும் காங்கிரசும் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியும் சேர்ந்த ஆளும் முன்னணி எடுத்தது. சட்டமன்றத்தில் 140க்கு 111. அன்றைய இந்தியாவில் மிக அதிகம் படித்த மக்கள் இவர்கள். 1971 கணக்கெடுப்பில் நாட்டின் எழுத்தறிவு 34 சதவீதம், கேரளத்தில் 60. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பத்திரிகையை வரிவரியாகப் படித்து விவாதிக்கிற ஊர். இவர்கள் தெரியாமல் ஓட்டுப் போட்டிருக்க மாட்டார்கள். ஆகவே நெருக்கடி நிலையில் வாழ்ந்து பார்த்து, அது பிடித்துப்போய், ஒப்புதல் முத்திரை குத்தினார்கள். இதுதான் வாதம்.

இதிலுள்ள எண்கள் அத்தனையும் சரி. எண்களிலிருந்து எடுத்த முடிவு தவறு. அது எவ்வளவு தவறு என்பதை அந்த வருடத்துக் காலண்டரே காட்டும்.

1977 மார்ச் 19 அன்று கேரளம் வாக்களித்தது. அன்று நெருக்கடி நிலை அமலில்தான் இருந்தது. மார்ச் 21 அன்றுதான் அது விலக்கப்பட்டது. மார்ச் 25 அன்று கே. கருணாகரன் முதலமைச்சராகப் பதவியேற்றார். அதே மார்ச் 25 அன்று எர்ணாகுளத்தில், கேரள உயர் நீதிமன்றத்தில், ஓய்வு பெற்ற இந்திப் பேராசிரியர் டி.வி. ஈச்சர வாரியர் ஓர் ஆட்கொணர்வு மனுவைக் கொடுத்தார். கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரியில் இறுதி ஆண்டு படித்த தன் மகன் ராஜனை 1976 மார்ச் 1 அன்று விடியற்காலையில் போலீஸ் பிடித்துப்போனது, இதுவரை வீடு திரும்பவில்லை, மகனைக் கொண்டுவந்து நிறுத்துங்கள் என்றார். அப்படி ஒருவரைக் காவலில் எடுக்கவே இல்லை என்றது அரசு. ஏப்ரல் 13 அன்று நீதிபதிகள் சுப்பிரமணியன் போற்றியும் காலிதும் தீர்ப்புச் சொன்னார்கள்: ராஜன் போலீஸ் காவலில்தான் இருந்தார், அவரை ஆஜர்படுத்த வேண்டும். ஆஜர்படுத்த ராஜன் உயிரோடு இல்லை. ஏப்ரல் 25 அன்று கருணாகரன் பதவி விலகினார். பதவியேற்று சரியாக ஒரு மாதம்.

வாக்களித்த நாளுக்கும் தீர்ப்பு வந்த நாளுக்கும் இடையே இருபத்தைந்து நாள். மார்ச் 19 அன்று ஓட்டுப் போட்டவர்களுக்கு, கோழிக்கோடு மலைப்பகுதியில் கக்கயத்தில் ஒரு முகாம் இருந்ததும், அங்கே பிடித்துவந்த பையன்களைப் பெஞ்சில் கட்டிவைத்துத் தொடைமேல் உலக்கையை வைத்து ஏறி உருட்டியதும் தெரியாது. 'உருட்டல்' என்ற சொல் ஏப்ரலில்தான் பத்திரிகை வழியாக வீட்டுக்குள் வந்தது. தெரிந்த அந்த மாதத்திலேயே முதலமைச்சர் போனார். தெரியாமல் போட்ட ஓட்டைக் காட்டி 'மக்கள் ஏற்றுக்கொண்டார்கள்' என்று சொல்வது, கண்ணைக் கட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கிய பத்திரத்தைச் சாட்சியாகக் கொண்டுவருவது போன்றது.

வாரியர் ஏன் அந்த மனுவை ஓராண்டுக்கு முன்னமே கொடுக்கவில்லை என்று கேட்பவர்களும் உண்டு. அவர் சும்மா இருக்கவில்லை. அதிகாரிகளிடம் போனார். உள்துறை அமைச்சராக இருந்த கருணாகரனிடம் போனார். பழைய அறிமுகம் உள்ள முதலமைச்சர் அச்சுத மேனனைப் பார்க்க இந்த ஊருக்கே வந்தார். குடியரசுத் தலைவர் வரைக்கும் எழுதினார். நீதிமன்றத்தின் கதவோ அடைத்திருந்தது. 1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர், நெருக்கடி நிலை இருக்கும்வரை காவலில் உள்ளவருக்காக ஆட்கொணர்வு கேட்க உரிமை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மறுத்தார். நெருக்கடி நிலை விலகிய நான்காம் நாள் வாரியர் மனுவோடு நின்றார் என்றால், அவ்வளவு காலமும் அவர் வாசலிலேயே காத்திருந்தார் என்று பொருள்.

இப்போது 'படித்த மக்கள்' என்ற வாதத்துக்கு வருகிறேன். எதிர்த் தரப்பின் பலமான தூண் இது. எனக்கு இதுவே அதன் மிகப் பெரிய ஓட்டை.

வடக்கே என்ன நடந்தது? 1976 ஏப்ரலில் டில்லி துருக்மான் கேட்டில் வீடுகளை இடித்தார்கள், சுட்டார்கள். 1976-77இல் நாடு முழுக்க 80 இலட்சத்துக்கு மேற்பட்ட குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சைகள்; வடமாநிலங்களில் பலரை ஆளைப் பிடித்து இழுத்துப்போய்ச் செய்தார்கள். இதைத் தெரிந்துகொள்ளப் பத்திரிகை வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாத விவசாயிக்கும் தன் உடம்பிலேயே தெரியும். பக்கத்து ஊர்க்காரன் கரும்புக் காட்டுக்குள் ஒளிந்து படுத்தால் அதுவே செய்தி. தணிக்கை அதிகாரியால் அந்தச் செய்தியை வெட்ட முடியாது.

கேரளத்தில் நடந்த கொடுமை மூடிய அறைக்குள் நடந்தது. கக்கயம் மலைக்குள். இங்கே திருவனந்தபுரத்தில் சாஸ்தமங்கலத்தில், போலீஸ் குற்றப்பிரிவு நடத்திய முகாமுக்குள். வர்க்கலை விஜயன் என்ற இளைஞர் அந்த முகாமில்தான் முடிந்தார் என்பது இன்று இந்த ஊர் அறிந்த சங்கதி. அன்று அந்தச் சாலையில் பஸ் போய்க்கொண்டுதான் இருந்தது, பள்ளிப் பிள்ளைகள் நடந்துகொண்டுதான் இருந்தார்கள். இப்படி நடப்பதைத் தெரிந்துகொள்ளப் பத்திரிகை ஒன்றுதான் வழி. பத்திரிகையோ 1975 ஜூன் 26 முதல் முன்தணிக்கையில் இருந்தது.

பத்திரிகையை நம்பிப் பழகிய சமூகம் தணிக்கைக்கு எளிதில் இரையாகும். டீக்கடையில் தினமும் நான்கு தாள் புரட்டுகிறவனுக்கு ஒரு நிச்சயம் வந்துவிடுகிறது: நடந்திருந்தால் அச்சாகியிருக்கும், அச்சாகவில்லையா, நடக்கவில்லை. படிக்காதவனுக்கு அந்த நிச்சயம் கிடையாது. அவன் வதந்தியையும் காது கொடுத்துக் கேட்பான். கேரளத்தின் எழுத்தறிவு நெருக்கடி நிலைக்கு எதிரான காப்பாக இருந்திருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அந்த இருபத்தொரு மாதமும் அதுவே சர்வாதிகாரத்துக்கு உதவியது. இதைச் சொல்ல எனக்கு வருத்தம்தான். எங்கள் வீட்டிலும் நடந்தது இது.

அப்போது எனக்குப் பதினான்கு வயது. அப்பாவுக்கு சாலையில் சின்னப் பலசரக்குக் கடை. சுவரெல்லாம், பஸ்ஸின் பக்கவாட்டிலெல்லாம் ஒரு வாசகம்: நாவடக்கூ, பணியெடுக்கூ. நாக்கை அடக்கு, வேலையைப் பார். மலையாளம் தெரியாத புதுச் சரக்குக்காரர்களுக்கு அப்பாவே அதைத் தமிழில் சொல்லிக்கொடுப்பார். இந்திரா அரசின் இருபது அம்சத் திட்டத்தின் சுவரொட்டி ஒன்று கல்லாப்பெட்டிக்கு மேல் ஒட்டியிருந்தது. யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள், அப்பா ஒட்டினார். அதில் எழுதியிருந்ததை அவர் ஒரு நாளும் படித்து நான் பார்த்ததில்லை. செக்கோஸ்லோவாகியாவின் வாக்லாவ் ஹாவெல் 1978இல் எழுதிய ஒரு கட்டுரையில், கட்சி வாசகத்தைத் தன் கடைக் கண்ணாடியில் வைக்கும் காய்கறிக்காரர் ஒருவர் வருவார். அந்த வாசகத்தில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. தன்னைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்று மேலே உள்ளவர்களுக்குச் சொல்லவே அதை வைக்கிறார். பல வருஷம் கழித்து அதைப் படித்தபோது எங்கள் கல்லாப்பெட்டியைத்தான் பார்த்தேன். அந்தச் சுவரொட்டியைக் கணக்கெடுத்தால் அப்பா இருபது அம்சத் திட்டத்தின் ஆதரவாளர். 111 என்ற எண்ணைக் கணக்கெடுக்கிறவர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

1975 ஜூலையில் நாகர்கோவில் வடசேரியிலிருந்து சித்தப்பா வந்தார். அப்போது இந்தப் பாதையில் ரயில் இல்லை, பஸ்தான். தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சி, அந்தக் கட்சியின் செயற்குழு ஜூன் 27 அன்றே நெருக்கடி நிலையைக் கண்டித்துத் தீர்மானம் போட்டிருந்தது. ஊரில் தெருமுனைக் கூட்டத்தில் டில்லியைத் திட்டிப் பேசுகிறார்கள், சனம் கைதட்டுகிறது என்று சித்தப்பா சொல்லச் சொல்ல, அப்பா எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தினார். "அப்படியெல்லாம் இருக்காதுடே. பேப்பர்ல ஒண்ணும் இல்லையே" என்றார். எழுபது கிலோமீட்டர் தூரம். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். எல்லையான களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு இந்த நாட்டில் ஒரு சண்டை நடக்கிறது என்று தெரிந்திருந்தது. இந்தப் பக்கம் இருந்தவருக்கு நாடு அமைதியாக வேலை பார்க்கிறது. இருவருமே தாம் கண்டதைத்தான் சொன்னார்கள். 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. அதற்குப் பிறகு வந்தபோது சித்தப்பாவே கதவைச் சாத்திவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

சர்வாதிகாரத்தின் கீழ் மனிதர்கள் உள்ளுக்குள் எல்லாம் தெரிந்து, வெளியே மட்டும் நடிக்கிறார்கள் என்று ஒரு கூட்டம் சொல்லும். அவர்கள் அதை உண்மையாகவே விரும்புகிறார்கள் என்று எங்கள் நடைத் தோழர்கள் சொல்கிறார்கள். நான் கண்டதற்கு இரண்டுமே பொருந்தவில்லை. அப்பா நடிக்கவில்லை, விரும்பவும் இல்லை. அவர் பார்க்கிற பரப்பு சுருங்கிப்போனது. கடை, வீடு, கோவில், ரேடியோ. அதற்கு வெளியே உள்ளதைக் கேட்பது ஆபத்து என்று முதலில் பயந்தார். பிறகு அது மரியாதைக் குறைவு என்று நினைக்கத் தொடங்கினார். அதைத்தான் நான் மிக மோசமான மாற்றம் என்பேன். பயம் என்றாவது தெளியும். பயத்துக்கு நாகரிகம் என்று பெயர் வைத்துவிட்டால் அது பிள்ளைகளுக்கும் இறங்கும்.

இறங்கியது. 1976 மார்ச்சில் எங்கள் வரிசை வீடுகளில், நான்கு வீடு தள்ளியிருந்த ஓர் அண்ணனைக் காணோம். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர். ஏதோ துண்டுப் பிரசுரம் என்றார்கள். மூன்று வாரம் அவருடைய அம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் அவருக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள், பேசவில்லை. எங்கள் அம்மா ஒரு நாள் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு அப்பா சொன்னார்: "ஏதாவது பண்ணியிருப்பான். சும்மாவா பிடிப்பாங்க?"

அப்பா கெட்டவர் இல்லை. கடனுக்குச் சாமான் கொடுத்துவிட்டுக் கேட்கக் கூச்சப்படுகிறவர். அந்தப் பையனுக்கு எழுத்துப் பலகை வாங்கிக்கொடுத்தவரும் அவர்தான். அப்படிப்பட்ட மனிதரின் வாயிலிருந்து இந்த வாக்கியம் எப்படி வந்தது என்றுதான் இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். எனக்குக் கிடைத்த பதில் இது: காரணமில்லாமல் பிடிப்பார்கள் என்று ஒப்புக்கொண்டால் நம்மையும் பிடிப்பார்கள் என்றாகிவிடும். அந்த நினைப்போடு கடையைத் திறந்து உட்கார முடியாது. பிடிபட்டவன் மேல் குற்றத்தை வைத்தால்தான் இரவில் தூக்கம் வரும். ஆட்சியாளர் நேரில் வந்து யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. செய்தியை நிறுத்தினால் போதும். மிச்சத்தை மக்களே கட்டிக்கொள்வார்கள்.

மூன்று வாரம் கழித்து அந்த அண்ணன் திரும்பி வந்தார். எங்கே வைத்திருந்தார்கள், என்ன செய்தார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். தெருவில் யாரும் கேட்கவும் இல்லை.

ஆபீஸ் நேரம், வண்டி நேரம் என்று சொல்கிறார்களே, அதற்கும் வருகிறேன், சுருக்கமாக. விலைவாசி இறங்கியது உண்மை. மொத்த விலைகள் இறங்கத் தொடங்கியது 1974 செப்டம்பருக்குப் பிறகு. நெருக்கடி நிலைக்கு ஒன்பது மாதம் முன்னால். 1975இல் மழை நன்றாகப் பெய்து 1975-76இல் தானிய விளைச்சல் சுமார் 12 கோடி டன்னைத் தொட்டது. விசாரணையின்றிச் சிறையில் அடைத்த மிசா சட்டம் மழைக்குத் தெரியாது. ஸ்டிரைக் இல்லை என்பதும் உண்மை. ஆனால் 1975 செப்டம்பரில் தொழிலாளியின் குறைந்தபட்ச போனஸை 8.33 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக ஓர் அவசரச் சட்டம் வெட்டியதும் உண்மை. ஸ்டிரைக் செய்ய வாய் இல்லாததால்தான் அது நடந்தது. அமைதி யாருக்கு வாய்த்தது, யார் செலவில் வாய்த்தது என்று கேட்காமல் அமைதியைப் புகழக் கூடாது.

அச்சுத மேனன் அரசுக்கு மக்கள் ஓட்டுப் போட வேறு நல்ல காரணங்கள் இருந்தன. இதை நான் மனதாரச் சொல்கிறேன். 1970 ஜனவரி 1 முதல் நிலச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்து குத்தகைக்காரர் நிலத்துக்கு உரிமையாளர் ஆனார். இலட்சம் வீடு திட்டத்தைக் கொண்டுவந்த எம்.என். கோவிந்தன் நாயரைத்தான் திருவனந்தபுரம் 1977இல் மக்களவைக்கு அனுப்பியது. உள்ளூரில் வளர்ச்சி ஆய்வு மையம் வந்தது, ஸ்ரீ சித்திரா மருத்துவமனை வந்தது. நெருக்கடி நிலை தொடங்கியபோது எதிரணியில் இருந்த கேரளா காங்கிரஸ் 1975 டிசம்பரில் ஆளும் பக்கம் வந்து சேர்ந்தது. அதன் ஓட்டும் 111க்குள் இருக்கிறது. வீடு கிடைத்தவரும் நிலம் கிடைத்தவரும் கட்சி மாறிய தலைவரின் தொண்டரும் போட்ட ஓட்டை எல்லாம் வாரி எடுத்து, கக்கயத்துக்கு விழுந்த ஓட்டு என்று எண்ணுவது அந்த மக்களுக்கே செய்கிற அவமானம். அந்த அரசுக்குத் தலைமை தாங்கிய இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியே 1978இல் பட்டிண்டா மாநாட்டில் நெருக்கடி நிலையை ஆதரித்தது தவறு என்று ஒப்புக்கொண்டது. ஆதரித்தவர்களே கைவிட்ட வாதத்தை மியூசியம் புல்வெளியில் நாம் எதற்காகத் தூக்கிச் சுமக்க வேண்டும்?

தமிழ்நாட்டுக் கதையும் இதேதான். 1977இல் அங்கே அ.தி.மு.க., காங்கிரஸ் அணி 39இல் 34 எடுத்தது. சென்னை மத்தியச் சிறையில் மிசா கைதிகள் வாங்கிய அடியும், அதனால் உடல்நலம் கெட்டு முன்னாள் மேயர் சிட்டிபாபு அந்த ஜனவரியில் இறந்ததும் எத்தனை வாக்காளர் காதுக்கு எட்டியிருக்கும்? நீதிபதி மு.மு. இஸ்மாயில் ஆணையம் அதையெல்லாம் பதிவுசெய்தது ஓட்டு எண்ணி முடித்த பிறகு.

திருவனந்தபுரத்துக்கு இந்த வாதம் புதிதும் அல்ல. திருவிதாங்கூர் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயரைப் பற்றி என் தாத்தா காலத்துத் தமிழர்கள் இப்படித்தான் பேசினார்கள். 1937இல் பல்கலைக்கழகம், 1938இல் அரசு பஸ், 1940இல் பள்ளிவாசல் மின்சாரம். அதே 1938இல் அவர் மலையாள மனோரமாவைப் பூட்டியதும், 1946 அக்டோபரில் புன்னப்புரையிலும் வயலாரிலும் சுட்டதும் அந்தப் பட்டியலில் வராது. ஆள்கிறவர் தமிழர் என்ற உறவும் அதில் கொஞ்சம் கலந்திருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. பஸ்ஸும் மின்சாரமும் திவானின் கணக்கில், பிணங்கள் காலத்தின் கணக்கில். பாளையத்தில் சிலையாக நிற்கும் பத்திரிகை ஆசிரியர் சுவதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளையை 1910இல் அச்சு இயந்திரத்தைப் பறித்துக்கொண்டு எல்லைக்கு வெளியே கொண்டுபோய் விட்ட ஊர் இது. பத்திரிகையை முதலில் மூட வேண்டும் என்று இங்கே ஆண்ட ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. எழுதினால் மக்கள் மாறுவார்கள் என்று ஆண்டவர்கள் நம்பினார்கள். நாம்தான் நம்ப மறுக்கிறோம்.

என் வாதத்துக்கு எதிராக ஒன்று சொல்லலாம், அது கனமானது. தெரிந்த பிறகும் கேரளம் என்ன செய்தது? கருணாகரன் விலகினார், அதே முன்னணியின் ஏ.கே. ஆண்டனி வந்தார். சில வருஷத்தில் கருணாகரனே திரும்ப முதலமைச்சராகி, 1982 முதல் ஐந்தாண்டு முழுதும் ஆண்டார். 1975 செப்டம்பரில் காவல் நிலையத்தில் அடிபட்ட கூத்துப்பறம்பு சட்டமன்ற உறுப்பினர், பிற்பாடு முதலமைச்சரான பிணராயி விஜயன், 1977 மார்ச் இறுதியில் இந்த ஊர்ச் சட்டமன்றத்தில் தனக்கு நடந்ததை எழுந்து சொன்னார்.  அப்படியானால் தெரிந்தும் பொறுத்துக்கொண்டார்கள் என்றுதானே ஆகிறது?

ஆகிறது. இதை மழுப்ப மாட்டேன். ஆனால் பொறுத்துக்கொண்டவர்கள் யார் என்று பாருங்கள். 'ஏதாவது பண்ணியிருப்பான்' என்று இருபத்தொரு மாதம் சொல்லிப் பழகியவர்கள். அந்த வாக்கியம் மார்ச் 21 அன்று அரசாணையோடு விலகிப்போகவில்லை. இன்று ஒரு பையனைப் போலீஸ் பிடித்தால் டீக்கடையில் முதலில் கேட்கிற குரல் எது என்று காது கொடுத்துக் கேளுங்கள். ஆட்சி போன பிறகும் அது கொடுத்துவிட்டுப் போன கண்ணாடியைப் போட்டுக்கொண்டே உலகத்தைப் பார்த்தோம். பிறகு, கண்ணாடி வழியே தெரிந்ததைக் காட்டி, உலகமே அப்படித்தான் இருந்தது என்கிறோம். எங்கள் மூத்தவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்டது பத்து மணிக்குத் திறந்த கதவைத்தான். பூட்டிய கதவுகளை அவருக்கு யாரும் காட்டவில்லை. ஐம்பது வருஷத்தில் அவரும் தேடிப் போகவில்லை.

ஏப்ரல் 14, 1977, விஷு நாள். முந்தின நாள் தீர்ப்பு பத்திரிகையில் வந்திருந்தது. அப்பா கடைக்குப் போகாமல் திண்ணையில் உட்கார்ந்து அதை முழுக்கப் படித்தார். பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு நான்கு வீடு தள்ளிப் போனார்; ஒரு வருஷத்துக்குப் பிறகு. நானும் பின்னாலேயே போனேன். அந்த அண்ணன் வாசல் நாற்காலியில் இருந்தார். அப்பா நின்றுகொண்டே, "எங்களுக்கு ஒண்ணும் தெரியாம போச்சு மோனே" என்றார்.

அந்த அண்ணன் கோபப்படவில்லை. "தெரிஞ்சிருந்தா வந்திருப்பீங்களா மாமா?" என்று கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அப்பா கையில் மடித்திருந்த பத்திரிகையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அண்ணனின் அம்மா உள்ளேயிருந்து வந்து, உட்காருங்கள் என்று பாய் போட்டார்.

ஈச்சர வாரியர் தன் மகனைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். வருவான் என்று இரவில் மகனுக்கும் சேர்த்துச் சோறு எடுத்து வைத்ததை அதில் சொல்லியிருக்கிறார். ராஜனின் உடல் கிடைக்கவே இல்லை. தீர்ப்பு வந்த அதே ஏப்ரல் 13ஆம் தேதியில், 2006இல், வாரியரும் போய்ச் சேர்ந்தார்.

எங்கள் வரிசை வீட்டு அண்ணன் இருக்கிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு தேர்தலிலும் ஆட்டோ பிடித்துப் போய் ஓட்டுப் போடுகிறார். எமர்ஜென்சியில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று எங்கள் கூட்டம் மியூசியத்தைச் சுற்றிப் பேசிக்கொண்டு நடக்கும்போது அவர் எங்களோடு இல்லை. அந்தக் காலை வைத்துக்கொண்டு அவரால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது.